கப்பல் யாருக்காக நிற்கும்

காற்று அடித்ததில் கப்பலில் பக்கத்து அறையிலிருந்த பல் டாக்டருக்குப் பணம் திரும்பி வந்தது. கோணூசிக்கு வரவில்லை.

ஒரே கப்பல், ஒரே காற்று. அன்று காலை அலை பெரிதாக இருந்ததால் கப்பல் துறைமுகத்துக்குள் நுழையாமலே அடுத்த ஊரைப் பார்த்துத் திரும்பிவிட்டது. கரையிலிருந்த பழைய கோட்டையைப் பார்க்க இரண்டு குடும்பமுமே வண்டி பேசி வைத்திருந்தது. டாக்டர் கப்பல்காரர்களிடமே டூர் வாங்கியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முழுப்பணமும் அவர் கணக்கில் ஏறிவிட்டது. கோணூசியின் வீட்டுக்காரரோ போனில் தேடு தேடென்று தேடி, பாதி விலைக்குக் கரையில் ஒரு வேன்காரரைப் பிடித்து முன்பணம் அனுப்பியிருந்தார். அந்த வேன்காரர் ஒரே வரியில் பதில் போட்டார்: "நான் வந்துட்டேன். நீங்கதான் வரல."

அதில் தப்பு சொல்லவும் இடமில்லை.

"விடு, போனது போகட்டும்" என்றார் வீட்டுக்காரர்.

கோணூசி விடுகிற ஆள் இல்லை. இருபத்தாறு வருஷம் துறைமுகக் கிடங்கில் கோணூசியை வைத்துக் கிழிந்த சாக்கைத் தைத்தவள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று குத்திப் பார்க்காமல் அடுத்த மூட்டைக்குப் போகமாட்டாள். வாயும் அதே கூர். அதனால்தான் அந்தப் பெயர். வீட்டுக்காரர் அதே துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் சரக்குக்குக் கொக்கி மாட்டியவர். அவருக்குக் கொக்கி என்றே பெயர் நின்றுவிட்டது. இரண்டு பேரும் ஆயிரம் கப்பலுக்கு வேலை பார்த்திருக்கிறார்கள். ஓடுகிற கப்பலில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஓய்வுப் பணம் வந்ததும் கொக்கி சொன்னார்: "ஊர்ப்பட்ட சரக்கெல்லாம் ஏத்தி அனுப்பியாச்சு. ஒரு தடவை நாமளும் சரக்கா போவோம்." டிக்கெட் போக மிஞ்சிய பணம் வீட்டுத் தளத்துக்கு. தளம் பெயர்ந்து கம்பி பல்லை இளித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த மழைக்குள் இடித்துப் போட வேண்டும். அந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது என்பது இருவருக்குள்ளும் பேச்சு.

அவளைக் குடைந்தது போன முன்பணம் இல்லை. கப்பல்காரன் இரண்டு மடங்கு வாங்குகிறானே, அந்தக் கூடுதல் காசுக்குள் என்ன இருக்கிறது? அதே கோட்டை, அதே ரோடு. வேன்கூட அதே கம்பெனி வேனாக இருக்கலாம். நேராக டூர் கவுண்டருக்குப் போனாள்.

"அதுல மன நிம்மதி சேர்ந்திருக்கும்மா" என்றாள் கவுண்டர் பெண்.

"அது எத்தனை கிலோ?"

பெண் சிரித்தாள். சம்பளத்தில் சிரிப்பும் சேர்த்திதான்.

மறுநாள் கப்பல் ஒழுங்காகக் கரை பிடித்தது. மலைமேல் ஒரு அருவி இருப்பதாகச் சொன்னார்கள். நாலரைக்குள் எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குப் புறப்பாடு என்று ஒலிபெருக்கி மூன்று தரம் சொன்னது. வெளியே கப்பல் டூர் பஸ் ஒன்று நின்றது. டாக்டரும் அவர் மனைவியும் சட்டையில் எண் ஒட்டிக்கொண்டு ஏறினார்கள். பக்கத்தில் ஒரு சின்ன வேன். அதன் டிரைவர் கொக்கியின் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியுமா?" என்றாள்.

"பாதி விலைடீ."

"நாலரைக்குத் திரும்பிடுவோமா?"

"கோணூசி, நான் ஒண்ணு கேக்குறேன். நம்ம துறைமுகத்துல சொன்ன நேரத்துக்குக் கயிறு அவுத்த கப்பல் ஒண்ணே ஒண்ணு சொல்லு. பேப்பர் வராது. கப்பல வெளிய கூட்டிட்டுப் போற பைலட் வரமாட்டான். எல்லாம் வந்தா கேப்டன் தூங்கிட்டிருப்பான். அஞ்சுன்னா ஏழு."

"அது உரம் ஏத்துன கப்பல். உரத்துக்கு என்ன அவசரம்?"

"கப்பல்னா கப்பல்தான்" என்று ஏறி உட்கார்ந்தார்.

அருவி நன்றாகவே இருந்தது. நனைந்தார்கள். திரும்பும் வழியில் கொக்கியின் கண்ணில் வடம் சுற்றுகிற ஒரு விஞ்ச் பட்டது. மலைச்சரிவில் வெட்டிய மரத்தைக் கம்பிவடத்தில் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தை பொம்மைக் கடையைப் பார்த்த மாதிரி இறங்கிவிட்டார். அங்கே இருந்தவர்களிடம் வடம் எத்தனை பிரி, தாங்குவது எத்தனை டன், பிரேக் கட்டை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவீர்கள் என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கோணூசி வேனருகே நின்று டிரைவரைக் குத்தத் தொடங்கினாள்.

"ஏன் தம்பி, இப்ப நாங்க கப்பல விட்டுட்டோம்னு வை. என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா. கப்பல் போயிடும்."

"அதுக்கப்புறம்?"

அவர் பல் குத்திக்கொண்டே சொன்னார். "கிளம்புறதுக்கு முன்னாடி உங்க ரூமுக்குள்ள வந்து பாஸ்போர்ட்டத் தேடி எடுப்பாங்க. அதக் கரையில இருக்கிற ஏஜெண்ட் கையில குடுத்துட்டுப் போவாங்க. நீங்க அத வாங்கிக்கிட்டு, அடுத்த ஊர் எதுவோ அங்க பிளேன்ல போய்க் கப்பலப் புடிக்கணும். உங்க காசுல. ஏர்போர்ட் இங்கிருந்து நாலு மணி நேரம். போன வருஷம் ஒரு ஜோடிய நான்தான் கொண்டுபோய் விட்டேன். அழுதுக்கிட்டே வந்தாங்க. எனக்கு அன்னிக்கு நல்ல வருமானம்."

"டிக்கெட் எவ்வளவு ஆச்சாம்?"

சொன்னார். கோணூசி அதை இரண்டால் பெருக்கி, ஏர்போர்ட் வண்டிக்கும் ஒரு ராத்திரித் தங்கலுக்கும் சேர்த்துக்கொண்டாள். வந்த தொகை அவள் வீட்டுத் தளத்தின் நீளம், அகலம், கனம் எல்லாம் இருந்தது.

"யோவ்!" என்று கத்தினாள். பொது இடத்தில் 'என்னங்க', ஆத்திரத்தில் 'யோவ்'. நாற்பது வருஷமாக அப்படித்தான். கொக்கி ஓடி வந்தார். மணி மூன்று பத்து.

கால் மணி நேரம் ஓடிய வேன் ஒரு திருப்பத்தில் நின்றது. முன்னால் வண்டிகள் வரிசை. வரிசையின் தலையில் கப்பல் டூர் பஸ். அதற்கும் முன்னால் ஒரு லாரி, கட்டு அறுந்து, சாக்கடைக்குப் போடுகிற சிமெண்ட் பைப்புகளை ரோடு முழுக்கக் கொட்டியிருந்தது. ஆள் குனிந்து போகலாம் போலப் பருத்த பைப்புகள், பதினொன்று. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். லாரிக்காரர் பீடியோடு கல்லில் உட்கார்ந்திருந்தார். கிரேனுக்குச் சொல்லியாச்சாம். இரண்டு மணி நேரத்தில் வருமாம்.

கோணூசி இறங்கி நடந்தாள். பஸ்ஸுக்குள் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இதுதான் முதலில் உறைத்தது. அதே ரோடு, அதே லாரி. அங்கே ஒருவருக்கும் வேர்க்கவில்லை.

டாக்டர் ஜன்னலைத் திறந்தார். "கவலைப்படாதீங்கம்மா. கப்பல் நமக்காக நிக்கும்."

"நமக்கா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்களுக்கு" என்று திருத்திக்கொண்டார். நல்ல மனுஷர், பொய் சொல்ல வரவில்லை.

பஸ் கைடு, எண் போட்ட குச்சிப் பலகையை இடுக்கிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். முடிக்கும்வரை கோணூசி பக்கத்திலேயே நின்றாள்.

"கப்பல்ல என்ன சொல்றாங்கம்மா?"

"அஞ்சரை வரைக்கும் நிப்பாங்க. ஆனா நாலரைக்குள்ள பஸ் நகந்துடுச்சுன்னு நான் போன் பண்ணணும். இல்லன்னா கிளம்பிடுவாங்க."

"அப்ப இவங்க?"

"ஹோட்டல் போட்டு, நாளைக்குப் பிளேன்ல அனுப்புவாங்க. கம்பெனி செலவு."

ஆக, மூட்டைக்குள் இருந்தது இதுதான். நேற்றிலிருந்து தேடியது கையில் கிடைத்ததும், அந்த இடத்தில், அந்த நேரத்தில், அவளுக்கு ஒரு அற்பச் சந்தோஷம் வந்து போனது. கவுண்டர் பெண் சொன்ன நிம்மதிக்கு எடை தெரிந்துவிட்டது.

"பஸ்ல நாலு சீட் காலியா இருக்கே. ரெண்ட நாங்க வாங்கிக்கிறோம். முழு விலை, இப்பவே."

"லிஸ்ட் காலைலயே மூடியாச்சும்மா. உங்கள ஏத்துனா என் வேலை போயிடும்."

அதற்கு மேல் கோணூசி கேட்கவில்லை. வேலை போவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். திரும்பி வந்தபோது கொக்கி வேனில் சாய்ந்து டிரைவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு தடவை சர்க்கரைக் கப்பல் ஒண்ணு பதினோரு நாள் லேட்டு..."

"யோவ், கதைய நிறுத்து. அந்த பஸ்ஸுக்காகக் கப்பல் நிக்கும். உனக்காக நிக்காது. பஸ் நாலரைக்குள்ள நகராட்டி பஸ்ஸுக்காகவும் நிக்காது. அவங்களுக்குப் பிளேன் டிக்கெட்டு. நமக்கு நம்ம தளம்."

"யாரு சொன்னா?"

"கேட்டேன். நீயும் ஒரு நாளு கேட்டுப் பாரு, வாயில முத்து ஒண்ணும் உதிர்ந்துடாது."

கொக்கியின் முகம் சுருங்கியது. சொன்ன நேரத்துக்குக் கிளம்புகிற கப்பல் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அவர் உள்ளே இறக்க ஒரு நிமிஷம் பிடித்தது. "வேனு சந்துல பூந்து போயிடலாமா?"

"பூந்தாலும் நாம போய்ச் சேர அஞ்சு மணி ஆயிடும். நாலரைக்கே கப்பல்ல ஏறுற படிய எடுத்துடுவாங்க. நமக்கு இப்ப கப்பல் அந்த பஸ்ஸுதான். அத நகத்து."

மணி நான்கு. கொக்கி சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

பைப் குவியலை அவர் தொடவே இல்லை முதலில். சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். எதை எடுத்தால் எது சரியும் என்பது கொக்கி மாட்டுகிறவனுக்குப் பாலபாடம். தப்பினால் கால் போகும். லாரியிலிருந்து கடப்பாரை இரண்டும் அறுந்த கயிற்றையும் எடுத்தார். "கிரேன் எதுக்குய்யா? உருண்டு வந்தது உருண்டு போகாதா?" லாரிக்காரர் பீடியை அணைத்தார். வேன் டிரைவர் வந்தார். பின்னாலிருந்த வண்டிகளிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பஸ்ஸிலிருந்து டாக்டர் மட்டும் இறங்கினார்.

"டாக்டர், உங்க கை பல்லு புடுங்கற கை. கல்லு வைங்க போதும். நான் 'போடு'ன்னா பைப்புக்கு அடியில கல்லு விழணும்."

பைப்பைச் சுற்றிக் கயிறு. இரண்டு பேர் கடப்பாரையில் நெம்ப, நாலு பேர் இழுக்க, மலைப்பக்கமாக ஒன்று உருண்டது. "போடு!" கல் விழுந்தது. அடுத்தது. நான்காவது பைப் அடம்பிடித்தது. கடப்பாரை வழுக்கிக் கொக்கியின் முழங்கையில் தோல் உரிந்தது. கோணூசி பக்கத்தில் நின்று மணி சொன்னாள். நாலு பத்து. நாலு பதினேழு. ஏழாவது பைப் உருளாமல் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியபோது எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டார்கள். டாக்டர் மட்டும் ஓடிப் போய்க் கல்லைப் போட்டார். பைப் நின்றது. டாக்டருக்குத் தன் கையைப் பார்த்துத் தனக்கே ஆச்சரியம்.

நாலு இருபத்தாறுக்கு ஒரு பஸ் அகலத்துக்கு வழி. சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண். பஸ் ஊர்ந்து தாண்டியது. கைடு போனில் பேசுவதைக் கோணூசி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கைடு போனை வைத்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "நிக்கிறாங்க."

வேன் கிளம்பியதும் டிரைவரிடம் சொன்னாள்: "தம்பி, அந்த பஸ்ஸத் தாண்டிப் போயிடு. அவங்க கடைசி ஆளு ஏறிட்டா படிய எடுத்துடுவான். நாம அதுக்கு முன்னாடி நிக்கணும்."

"அம்மா, நீங்க இந்தத் தொழிலுக்கு வந்துடுங்க" என்றார் அவர், ஆக்சிலேட்டரை மிதித்து.

ஐந்து இருபதுக்குத் துறைமுகம். கப்பல் நின்றது, படி இறங்கியே இருந்தது. கொக்கி அவளைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு ஓடினார். வாசலில் அட்டையைத் தேய்த்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. காவலாளி மணியைப் பார்த்தார். "ஐம்பது நிமிஷம் லேட்டு. பஸ்ல வந்தீங்களா?"

"பஸ்ஸுக்கு முன்னாடி வந்தோம்" என்றாள் கோணூசி. அது உண்மைதான். அவர் இன்னொரு முறை பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

மேல்தட்டுக்குப் போனதும் கொக்கி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வாங்கி முடித்ததும் வாய் திரும்பி வந்துவிட்டது. "பாத்தியா? கடைசியில கப்பல் லேட்டுதானே?"

"நாளைக்கும் ஒரு வேன் பேசியிருக்கியா?"

கொக்கி முழங்கையைத் துடைத்தார்.

"முன்பணம் குடுத்தாச்சா?"

"கொஞ்சம்."

"போகட்டும். நாளைக்குக் கப்பல விட்டு இறங்கி, நடக்கற தூரத்துல என்ன இருக்குன்னு பாப்போம்."

கீழே பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஒருவர் இறங்கி முதுகை நெளித்துச் சோம்பல் முறித்தார். இரண்டு பெண்கள் கப்பலோடு சேர்த்துத் தங்களைப் படம் எடுத்துக்கொண்டார்கள். சரியாக வரவில்லை என்று மறுபடியும் எடுத்தார்கள். ஒரு தாத்தா எதிர்க்கடையில் தொப்பி விலை கேட்கப் போனார். கைடு அவர் பின்னாலேயே பொறுமையாக நடந்தாள். பன்னிரண்டு மாடிக் கப்பல் அந்தத் தொப்பிக்காக இன்ஜினை உறுமவிட்டு நின்றுகொண்டிருந்தது.

"ஏன் இப்படி ஆடி அசைஞ்சு வர்றாங்க?" என்றார் கொக்கி, உண்மையாகவே புரியாமல்.

கோணூசி கம்பியில் கையூன்றி, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா ஒரு தொப்பியை வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று இன்னொன்றை எடுத்தார்.

"அதுக்குத்தான்யா காசு குடுத்திருக்காங்க" என்றாள்.