கை மாறும் கீபோர்டு

இன்று மாலை வகுப்பில் என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அடக்கினால் விரல் ஆடியது.

புரோகிராம் எழுதும் போட்டியில் மூன்று பேருக்கு ஒரு கணினி. எங்கள் குழுவில் கீபோர்டில் அடிப்பவன் 'வேகம்'. விரல் பறப்பதால் வந்த பட்டப்பெயர். அவனுடைய பெரியப்பா மகன், எங்களுக்கு அண்ணன், பக்கத்திலிருந்து யோசனை சொல்வார். அச்செடுத்த தாளில் நான் பிழை தேடுவேன். இப்படி யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. மற்ற குழுக்களிலும் தாள் பெண்கள் கையில்தான் இருந்தது.

இதைக் கவனித்த டீச்சர் இன்று ஒரு கைமணியோடு வந்தார்.

"மணி அடிச்சா கீபோர்டு கை மாறணும். தன் முறைக்கு உட்காராதவங்களை வெளிப்போட்டிக்கு அனுப்ப மாட்டேன்."

"போச்சு, இனி நடந்தே போக வேண்டியதுதான்," என்று வேகம் முணுமுணுத்தான்.

நான் அடித்தால் குழு மெதுவாகிவிடும் என்று எனக்கும் சந்தேகம். ஆனால் வெளிப்போட்டிக்குப் போக அவ்வளவு ஆசை.

மணி அடித்தது.

"நான் சொல்லச் சொல்ல நீ அடி, போதும்," என்றான் வேகம், நாற்காலியை எனக்கு விட்டபடி.

சரி என்று வாய்வரை வந்தது. "வேண்டாம், நானே போடுறேன்," என்றேன்.

ஒவ்வொரு வரியையும் இருமுறை படித்துவிட்டு அடித்தேன். பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. அனுப்பினேன். சரிபார்க்கும் மென்பொருள் திரையில் 'தவறு' என்று காட்டியது.

"நான் அப்பவே சொல்லல?" வேகத்தின் கை என் தோளைத் தாண்டி நீண்டது.

"கையை எடு. இன்னும் மணி அடிக்கல."

"ஐயோ தாயே, எடுத்துட்டேன்!"

காது சுட்டது. அவன் சொன்னதுதான் சரியோ? மேலிருந்து மறுபடி படித்தேன். முதல் கணக்கின் கூட்டுத்தொகையைப் பூஜ்யமாக்காமல் அடுத்த கணக்குக்குப் போயிருந்தேன். பழையது புதியதோடு சேர்ந்துவிட்டது. இவர்களுடைய தாளில் இதே பிழையை எத்தனை முறை வட்டமிட்டிருக்கிறேன்! நானே அடிக்கும்போது கண்ணில் படவில்லை. ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்.

மணி அடித்தது. திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"எழுந்திரும்மா, என் முறை," என்றார் அண்ணன்.

"ரிசல்ட் வரட்டும், அண்ணா."

"டீச்சர், உட்கார வைச்சீங்க, இப்ப எழுப்பியும் விடுங்க!" என்று வேகம் கத்தினான்.

டீச்சர் மறுபடி மணியை ஆட்டினார். நான் அசையவில்லை. வட்டம் நின்றது. 'சரி.'

எழுந்தேன். முதல் மணிக்கு முன் வேகம் அடித்திருந்தது அச்சாகி வந்திருந்தது; அந்தத் தாளை வழக்கம்போல் என்னிடம் நீட்டினான். பிறகு என்ன நினைத்தானோ, தன் மடியிலேயே வைத்துக்கொண்டு பேனாவுக்காகப் பையைத் துழாவினான். என்னுடையதைக் கொடுத்தேன்.

கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.