நானூறு அடி உயரத்தில் மாமனும் மச்சானும்

"நான் இறங்கறேன்னு ரேடியோவுல சொன்னேன் மாமா. சொல்லிட்டுத்தான் இறங்கினேன்."

"புளுகாதே மச்சான். சொன்னது நான். உன் காதுலதான் பஞ்சு."

"பஞ்சு என் தொழிலு, பல்லுக்கு வைக்கறது. உங்களுக்கு மண்டைக்குள்ள மரத்தூள்."

பேசிக்கொண்டவர்கள் தரையிலிருந்து நானூறு அடி உயரத்தில் இருந்தார்கள். ஒன்பது வருடமாக அங்கேயேதான் இருந்தார்கள். மரக்கடைக்காரரின் சின்ன விமானமும் அவர் மைத்துனரான பல் டாக்டரின் சின்ன விமானமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே ஓடுபாதையில் இறங்க வந்து மோதிக்கொண்டன. மரக்கடைக்காரருடையதற்கு இறக்கை காலடியில், கீழே இருப்பது தெரியாது. டாக்டருடையதற்கு இறக்கை தலைக்கு மேல், மேலே இருப்பது தெரியாது. மேலே வந்த மரக்கடைக்காரர் விமானத்தின் சக்கரங்கள் கீழே வந்த டாக்டர் விமானத்தின் கூரைக்குள் புதைந்தன. இரண்டும் விழவில்லை. பெட்ரோல் தீர்ந்து விசிறிகள் நின்ற பிறகும் விழவில்லை. முதல் வாரம் ஊரே அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டது. அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். கயிற்றில் கட்டிய கூடையில் சாப்பாடும் ரேடியோவுக்கு பேட்டரியும் மேலே போயின, அழுக்குத் துணி கீழே வந்தது. அதே கயிற்றைப் பிடித்து இறங்கியிருக்கலாம். ஆனால் ஒருவர் இறங்கினால் எடை மாறி மற்றவர் விழுந்துவிடுவார் என்று இருவரும் தனித்தனியே முடிவுகட்டியிருந்தார்கள். ஆகவே பகல் முழுக்க ஏசிக்கொண்டும், ஒருவரை ஒருவர் விட்டுப் போகாமலும் இருந்தார்கள்.

விசாரணை அதிகாரி இரண்டு முறை வந்தார். விபத்து இன்னும் முடியவில்லை, முடிந்த பிறகே விசாரிக்க இயலும் என்று எழுதிவிட்டுப் போனார்.

விமானத்திடலின் ரேடியோ அறையில் இருந்தவளுக்கு அது முதலில் ஆறுதலாக இருந்தது, பிறகு தண்டனையாகிவிட்டது. அவள் மரக்கடைக்காரரின் மனைவி, டாக்டரின் அக்கா. மோதிய அன்று காலை அவளுக்குக் கேட்டது 'கீய்ய்' என்ற சத்தம் மட்டும்தான். இருவர் ஒரே நொடியில் பேசினால் யார் பேச்சும் வராது, அந்தச் சத்தம்தான் வரும் என்று வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யார் பேசியது, மறுபடி சொல்லுங்கள் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். நகத்துக்குச் சாயம் பூசியிருந்தாள். பேசுவதற்கான பொத்தானை அழுத்தினால் கலைந்துவிடும். காயட்டும் என்று விட்டுவிட்டாள்.

இருவருமே சொன்னார்கள் என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே ஒன்பது வருடம் ஓடிற்று. சோறு அனுப்பினாள், கம்பளி அனுப்பினாள், மூக்குக்கண்ணாடி மாற்றி அனுப்பினாள். அவள் மட்டும் இல்லையென்றால் நம் கதி என்ன என்பதில் மட்டும் மாமனும் மச்சானும் ஒத்துப்போவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் ரேடியோவின் ஒலியைக் குறைத்துவைப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், இருமி இருமிக் குரல் கம்மிப்போயிருந்த டாக்டர், "சரி விடுங்க மாமா. நான்தான் சொல்லாம விட்டிருப்பேன். தப்பு என்னுதுன்னே வச்சுக்குங்க" என்றார்.

"போடா, நான் சொன்னேனான்னு எனக்கும் இப்ப சந்தேகமாத்தான் இருக்கு" என்றார் மரக்கடைக்காரர்.

அவள் பொத்தானை அழுத்தினாள். "தம்பி, நீ சொன்னே. ஏங்க, நீங்களும் சொன்னீங்க. ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னீங்க. எனக்குக் கீய்ய்னுதான் கேட்டுச்சு. யாருன்னு நான் கேக்கல. நகத்துக்குச் சாயம் பூசிட்டிருந்தேன்."

ஜன்னலுக்கு வெளியே விமானங்கள் எப்போதும் போல, அசையாமல், அங்கேயே இருந்தன.

"ரெண்டு பேர்ல யாராவது பேசுங்களேன். ஒரு தடவை, வாய்விட்டு, என்னைத் திட்டுங்களேன்."