தீக்குச்சிப் பிடிப்பு

விடிந்தும் விடியாத நேரத்திலேயே ஒன்பது மாடி ஏறியாகிவிட்டது. லிஃப்ட் வீடு வாங்குகிறவர்களுக்கு; வேலைக்காரனுக்குப் படிக்கட்டு. தீப்பெட்டி அண்ணன் கண்ணில் விழுந்த சிமெண்ட் தூசியை முழங்கையால் துடைத்துவிட்டு, சுவரில் பதித்த இரும்பு சுவிட்ச் பெட்டியில் ஸ்க்ரூவைத் திருகினார். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மரை தேய்ந்த ஓட்டையில் எது பிடிக்கும்?

பீடி தொடாத மனுஷனுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே இதனால்தான். ஓட்டைக்குள் தீக்குச்சியை ஒடித்துச் செருகி ஸ்க்ரூவை ஏற்றினால் சிக்கென்று பிடித்துக்கொள்ளும். கட்டடம் முழுக்க அத்தனை பேருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவர் அவரே. "மரை வெட்ட ஒரு டேப் வாங்கிக் குடுங்க, பெரிய ஸ்க்ரூ போட்டுடலாம்" என்று முதலாளியிடம் கேட்டு வாய் வலித்த பிறகு பிறந்த வித்தை. மட்டமான பெட்டியாகப் பார்த்து வாங்கிப் போட்ட புண்ணியவானுக்கு டேப் வாங்க மட்டும் மனசு வரவில்லை.

குச்சி காய்ந்தால் சுருங்கும். அது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். போன வாரம் அவர் மச்சான் ஏணியில் நின்று ஒரு பிளக்கைப் பிடுங்க, குச்சியில் நின்ற சுவிட்ச் பிளேட்டே கையோடு வந்துவிட்டது. கரண்ட் ஓடிய கம்பியில் கை பட்டுக் கீழே விழுந்தான். உயிர் தங்கியது, வலது கை விரல்கள் இனி மடங்காதாம். வயரிங்காரனுக்கு விரல் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? தன் தம்பிக்கு இப்படி ஆனதிலிருந்து மனைவி அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

முதலாளி மூக்கைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டு உள்ளே வந்தார்.

"உன் மச்சான் அன்னிக்குக் குடிச்சிருந்தானாமே?"

"அவன் ரெண்டாவது டீ கேக்கவே கூச்சப்படுறவன் சார்."

"விசாரிக்க வர்றவங்ககிட்ட குடிச்சிருந்தான்னு சொல்லு. உன் வேலை இருக்கும். இல்லேன்னா, அந்தக் குச்சி யார் செருகினதுன்னு நான் சொல்ல வேண்டி வரும்."

முன்னே போனால் முட்டும், பின்னே போனால் உதைக்கும். மச்சானுக்கு விரல்தான் போயிற்று, மானமுமா போக வேண்டும்?

"நான்தான் செருகினேன். டேப் கேட்டப்போ, 'குச்சியே போதும், போ'ன்னது யாரு சார்?"

"வெளிய போடா! ஆளா கிடைக்காது?"

"போறேன். என் குச்சியெல்லாம் எடுத்துட்டுப் போறேன்."

"நாளைக்குச் சாவி குடுக்கிற வீடுடா இது!"

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அடுத்த பெட்டியில் கரண்ட் இருந்தது. அந்த நேரம் பார்த்து மாடி முழுக்க விளக்கு அணைந்தது.

படிக்கட்டிலிருந்து வயர் இழுக்கிறவனின் குரல் கேட்டது: "அண்ணே, எல்லாம் கேட்டுச்சு. மெயினை இறக்கிட்டேன். தைரியமா கழட்டுங்க. எட்டாவது மாடிக் குச்சியெல்லாம் நான் செருகினது, அதை நான் பாத்துக்கறேன்."

கீழே இன்னொரு ஸ்க்ரூ கழலும் சத்தம். அதற்கும் கீழே இன்னொன்று. டைல்ஸ் போடுகிற அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பிளேட்டுகளைத் தாங்கிப் பிடிக்க வந்து நின்றார்.

"நாளைக்கே வேற ஆளு வருவான்யா!" முதலாளி கத்தினார்.

வரத்தான் செய்வான். நாளை அடுப்பு எரியுமா என்பது சந்தேகம். மச்சான் விரல் மடங்கப்போவதும் இல்லை. அண்ணன் அடுத்த குச்சியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வரட்டும் சார். நாங்க எல்லாரும் கேட்லதான் நிப்போம். அவனுக்கும் விரல் இருக்கில்ல, சொல்லிப் பாக்கறோம்."