பெட்டி திரும்பாத நடை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆவூர்ப் பக்கம் போனபோது, தண்ணீர் கேட்கலாம் என்று ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்தேன். வாசலைத் தாண்டியதும் மூக்கில் இடிக்கிற மாதிரி ஒரு சுவர். இடப்பக்கம் திரும்பினேன், இன்னொரு சுவர். வலப்பக்கம் திரும்பினேன். மூன்றாவது சுவரைக் கண்டதும் தாகமே போய்விட்டது; வந்த வழியே வெளியே வந்தேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் புளுகு.

2

‘1937ஆம் ஆண்டு, பொன்மாலைப் பொழுதொன்றில், பினாங்கிலிருந்து தைரியநாதன்...’

அடித்துவிட்டேன். கீரனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் பெட்டியை ஏற்றி, உச்சி வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்தவனுக்குப் பொன்மாலை ஒரு கேடா?

(பெட்டியைக் கவனித்துக்கொள்ளுங்கள். கற்பூர மரம், பித்தளைப் பூண், நாலு ஆள் சுமை. பினாங்குக்குப் போய் வந்தவன் என்பதற்கு ஊரில் அதுதான் சாட்சி.)

கல்யாணமான இருபதாம் நாள் கப்பலேறியவன், ஒன்பது வருஷம் கழித்து வந்திருக்கிறான். மனைவி சந்தனமேரி வாசலில் நிற்கிறாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, நடையைத் தாண்டி, கொல்லைவாசல் வழியே தெரிந்த எருமையைப் பார்த்தான்.

“அடப்பாவமே, இங்கிட்டு நின்னா கொல்லை தெரியுதே!”

“தெரியணும்னுதானங்க கட்டுனது” என்றாள். ஊரில் எல்லா வீடும் அப்படித்தான். கொத்தனார் நூல் பிடிப்பதே அதற்குத்தான்.

“அங்க பக்கத்துக் கடைச் சீனாக்காரர் எல்லாம் சொல்லிக் குடுத்திருக்காரு. காத்து தண்ணி சாஸ்திரம். முன்வாசல்ல வர்ற யோகம் நேரா கொல்லை வழியாப் போயிரும் மேரி. நடையில அது வளைஞ்சு வளைஞ்சு நிக்கணும். இதைச் சரிபண்ணாம நான் திரும்பக் கப்பலேற மாட்டேன்.”

சந்தனமேரியின் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

3

கொத்தனார் பழனிச்சாமி தலையைச் சொறிந்தார். “மனையடி சாஸ்திரத்துல நடையை அடைக்கக் கூடாதுங்க.”

“அது இந்த ஊருச் சாஸ்திரம்” என்றான் தைரியநாதன்.

முதல் சுவர் எழும்பியது. வாசல்படிக்கு மேலே பினாங்கிலிருந்து கொண்டுவந்த எட்டு மூலைக் கண்ணாடி ஒன்றும் ஏறியது. எல்லாம் முடிந்தது என்று அவன் கையைத் தட்டிக்கொண்டபோது, சந்தனமேரி வாசலில் சாம்பிராணி போட்டாள். புகை சுவரைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனது.

“ஏங்க, புகையே போகுதே. யோகம் போகாதா?”

அவன் பதறிப்போனான். இரண்டாவது சுவர். மறுபடி சாம்பிராணி. மூன்றாவது சுவர். கொல்லைவாசலையும் அடைத்து, மூலையில் ஓர் ஆள் குனிந்து போகிற சந்து மட்டும் விட்டார்கள். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் வழி தெரியாமல் ஒரே சுவரை மூன்று தடவை மந்திரித்துவிட்டுப் போனார்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். சந்தனமேரி தந்திரக்காரியா? முதல் பிரதியில் அவளுக்கு ஒரு கள்ளச் சிரிப்பு வைத்திருந்தேன். கிழித்துப் போட்டேன். ஒன்பது வருஷம் ஒற்றை ஆளுக்கு உலை வைத்தவள், மூன்று மாதமாக இரண்டு பேருக்கு வைக்கிறாள். அவளுக்கு அவன் வேண்டும். எத்தனை சுவர் எழுப்பியாவது வேண்டும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

(கதைக்கும் இந்தச் சாஸ்திரம் பொருந்தும். தொடக்கத்தில் நின்றால் முடிவு தெரிகிற கதையில் எதுவும் தங்காது. அதனால்தான் இத்தனை அடைப்புக்குறிகள். முகத்தில் இடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

5

பாஸ்குத் திருநாள் முடிந்து பத்தாம் நாள், வாசலில் வண்டி வந்து நின்றது. நாகப்பட்டினத்தில் கப்பல். சந்தனமேரி சாம்பிராணித் தட்டை எடுத்தாள்.

“போதும் மேரி, சரியாயிருச்சு” என்றான்.

சுவர் எழும்புமுன் உள்ளே போன பெட்டியை நாலு பேர் தூக்கினார்கள். முதல் திருப்பத்தில் இடித்தது. நிமிர்த்தினார்கள், உத்தரம் தட்டியது. துணிமணியை வெளியே எடுத்தார்கள். வெறும் பெட்டியும் திரும்பவில்லை. கொல்லைச் சந்து வழியே பூனை மட்டும் போனது.

“பெட்டியை வச்சிட்டுப் போங்களேன்” என்றார் பழனிச்சாமி.

“கைய வீசிக்கிட்டுப் போயி அங்க இறங்குனா, வீட்டுல வெரட்டி விட்டாங்கன்னு பேசுவானுங்க.”

“அப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க.” கடப்பாரையை ஓங்கிவிட்டார். “இடிச்சா வழி நேராயிரும்.”

“நேரானா யோகம் போயிருமே!” என்று பதறினான் தைரியநாதன்.

அவன் திரும்பினான். வந்த நாளிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவன், முதல்முறையாக மனைவியைப் பார்த்தான்.

“நீ சொல்லு மேரி. இடிக்கவா, வேணாமா?”

அவளிடம் எதையும் யாரும் இதுவரை கேட்டதில்லை. கப்பலேறும் முன்பும் கேட்கவில்லை.

6

அவள் ‘இடிங்க’ என்று சொல்வதாக எழுதினேன். அடித்துவிட்டேன். ‘வேணாம்’ என்று எழுதினேன். அவன் பெட்டிமேல் உட்கார்ந்து ஒரு வருஷம் பெருமூச்சு விட்டான். அவளாலேயே தாங்க முடியவில்லை. ‘நானும் வாரேன்’ என்று சொல்ல வைத்...

நான் பார்த்த சுவர்தான் இன்னும் நிற்கிறதே, அப்படியானால் இடிக்கவில்லை என்பீர்கள். இடித்துப் பெட்டி போன பிறகு அவளே மறுபடி கட்டியிருக்கலாம், அடுத்த தடவை வருகிறவன் திரும்பிப் போகாமலிருக்க. மூன்றாவது சுவரைத் தாண்டியிருந்தால் உள்ளே பெட்டி இருக்கிறதா என்று பார்த்திருப்பேன். நான் பயந்தாங்கொள்ளி.

பழனிச்சாமிக்குக் கை வலிக்கிறது. இடிக்கச் சொல்வதானால் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் கடப்பாரையைப் பார்த்துக்கொண்டு சொல்லாதீர்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.