எட்டுத் தையல்

அரைஞாண் கயிற்றை அறுத்துப் போட்ட மங்கம்மா, அதே கத்தரியோடு, செத்துப்போன தம்பியின் வலது கைத் தையலை நோக்கிக் குனிந்தாள். செங்கொடி பாய்ந்து அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுல கை வெக்காத அத்தே.”

“இன்னாடி? குளிப்பாட்டறதுக்குள்ள ஒடம்புல ஒரு நூலு இருக்கக் கூடாது. நம்ம வூட்டு வழக்கம்.”

“நானே பிரிக்கிறேன்.”

ஒன்பது நாளைக்கு முன்பு, துறைமுகத்தில் கம்பி வடம் கிழித்த கையோடு அப்பா அசோகன் வந்து நின்றது அவள் பயிற்சி டாக்டராக இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான். பெரிய டாக்டர் ஊசியை எடுத்ததும் கையை இழுத்துக்கொண்டார். “எம்பொண்ணு போடட்டும் சார்.” மரத்துப்போக மருந்து ஏற்றி, நைலான் நூலில் எட்டுத் தையல் போட்டாள். மூன்றாவது போடும்போது கண்ணை நீர் மறைத்து, அது மட்டும் கோணிக்கொண்டது.

அந்த மனுஷன் அதையும் விடவில்லை. காலடிப்பேட்டை டீக்கடையில் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒருவர் பாக்கியில்லாமல் காட்டினார். “எம்பொண்ணு போட்டது மாமு. மூணாவது மட்டும் கொஞ்சம் கோணல். அப்போ அழுதுகினு இருந்திச்சு.”

நாளைக்குப் பிரிக்க வேண்டியது. இன்று காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவே இல்லை.

இப்போது பிரித்து, காயம் வாய் பிளந்துவிட்டால்? ஊரெல்லாம் காட்டித் திரிந்தவரின் பேச்சு அல்லவா பொய்யாகிவிடும்!

பையிலிருந்து இடுக்கியையும் சின்னக் கத்தரியையும் எடுத்தாள். முடிச்சைத் தூக்கி, தோலை ஒட்டி ஒரு பக்கம் நறுக்கி, உருவினாள். மூன்றாவதில் கை நின்றது. “வலிக்காது நைனா,” என்று பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது. எட்டும் வந்தன.

மங்கம்மா ஒரு சொம்புத் தண்ணீரை அந்தக் கையில் ஊற்றினாள். காயம் திறக்கவில்லை. மெல்லிய கோடாக மூடியே கிடந்தது.

“நல்லாத்தான் போட்டுகீற,” என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். அத்தனை அழுகைக்கு நடுவிலும் செங்கொடிக்குப் பெருமையாக இருந்தது.

துடைத்து, புது வெள்ளைச் சட்டை மாட்டி, வாசலில் கிடத்தினார்கள். டீக்கடை ஆட்கள் மாலையோடு வந்துகொண்டிருந்தார்கள். அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா பச்சையம்மா எழுந்து வந்து, புருஷனின் வலது சட்டைக் கைப் பொத்தானைக் கழற்றினாள். முழங்கை வரைக்கும் மடித்துவிட்டு, மறுபடி போய் உட்கார்ந்தாள்.