துண்டு போர்த்திய டிரம்ஸ்

தொழிற்சாலை மருத்துவ அறை வாசலில், காது பரிசோதனைக்குப் பதினாறு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாவது ஆள் டிரம்மர். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் பதினான்கு வருஷமாக நிற்கிறான். மெஷின் இருக்கும் இடது பக்கத்துக் காது பாதி போய்விட்டது. காதைக் கெடுத்தது மெஷின்தான் என்று டாக்டர் எழுதினால், கம்பெனி அவனைச் சத்தமில்லாத பேக்கிங்குக்கு மாற்றியாக வேண்டும். எழுதாவிட்டால் வலது காதும் போகும், கூடவே டிரம்ஸும் போகும். அடுத்த மாதம் 'துரு'வின் மூன்றாவது ஆல்பம் பதிவு வேறு.

துரு, அவன் குடும்பத்தோடு நடத்தும் ஹார்ட் ராக் பேண்ட். எந்த இசைக் கம்பெனியும் சீண்டவில்லை. முதல் இரண்டு ஆல்பங்களையும் தாங்களே பதிவு செய்து, பையில் சுமந்து, கச்சேரி வாசலில் கூவி விற்றார்கள். பாடுவது அவன் தங்கை. கிட்டார் அவள் புருஷன், சலூன்காரன். வார விடுமுறையில் சலூனிலேயே ஒத்திகை. முதல் நாளே மாடி வீட்டுக்காரர் இறங்கிவந்து ஒரு முறை முறைத்தார். அன்றிலிருந்து சலூன் துண்டுகள் அத்தனையும் டிரம் மேல் ஏறின. கிட்டார் ஹெட்போனுக்குள் போனது. உலகத்தையே கிழிக்கிற பாட்டை, பிள்ளையைத் தூங்கவைப்பவள் மாதிரி தங்கை முணுமுணுத்தாள். அங்கே ஒரு பேண்ட் இருப்பது பக்கத்துக் கடைத் தையல்காரருக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும். மேடை ஏறினால் கதை வேறு. ஆனால் வருஷத்துக்கு இரண்டு மேடை கிடைத்தாலே பெரிய விஷயம்.

"உள்ள போனா பேண்டைப் பத்தி மூச்சு விடாத மச்சான்" என்று சலூன்காரன் சொல்லித்தான் அனுப்பியிருந்தான்.

"யாரு, இவரா? பல்லு புடுங்கப் போன எடத்துல டாக்டருக்கு ரெண்டு ஆல்பம் வித்தவரு" என்றாள் தங்கை.

பரிசோதனை முடியும்வரை டிரம்மர் வாயைத் திறக்கவில்லை. விரல்தான் மேசையில் தட்டிக்கொண்டிருந்தது.

"தாளம் நல்லா போடறீங்களே" என்றார் டாக்டர்.

போதாதா? அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "டிரம்மர் சார். துருன்னு ஒரு பேண்ட்."

"ஹார்ட் ராக்கா? சத்தம் பயங்கரமா இருக்குமே."

"மேடையே அதிரும் சார். முன்னாடி நிக்கறவன் ரெண்டு நாளைக்குக் காது அடைச்சுப்போய்த் திரிவான்."

டாக்டர் சிரித்தார். மகளுக்கென்று ஒரு ஆல்பம் வாங்கிக்கொண்டார். டிரம்மர் அதில் வால் நீட்டிக் கையெழுத்துப் போட்டான். டாக்டர் அவன் தாளில் ஏதோ எழுதினார்.

சலூன்காரன் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்தான். "துண்டு போத்தித்தான் வாசிக்கறோம்னு சொல்லக் கூடாதா?"

"ஹார்ட் ராக்னு சொல்லிட்டு துண்டைப் பத்தி எப்படி மாப்ள சொல்றது? மானம் போயிடாது?"

தங்கை சிரித்த சிரிப்பில், மடித்துவைத்த துண்டுகள் சரிந்து விழுந்தன. டிரம்மருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மேஸ்திரி டாக்டர் சீட்டோடு வந்தார். பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது; ஷிப்ட் நடுவில் அதை நிறுத்தக் கூடாது. அவர் சொன்னது ஒரு எழுத்தும் கேட்கவில்லை. டிரம்மர் திரும்பி வலது காதைக் கொடுத்தான். மேஸ்திரி இரண்டு கையையும் வாயருகே குவித்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"பேண்டாலதான் காது கெட்டுச்சாம். நீ இங்கயே வேலை பாக்கலாமாம். சத்தம் இருக்கற எடத்துக்கு மட்டும் போகக் கூடாதாம்."

"என்ன?" என்றான் டிரம்மர்.

மேஸ்திரி மூச்சை இழுத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் கத்தினார்.