ரிப்போர்ட் கல்

நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற ஆள் குழந்தைவேலு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தானாம். பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று பெண் வீட்டார் ஒரு மாதம் குழம்பிக் கிடந்து, கடைசியில் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அதோடு கல்யாணப் பேச்சே நின்றது.

போர்ட் பிளேரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் அவனுக்கு உத்தியோகம். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று வருகிறவர்களின் மலத்தை வாங்கி, அதிலிருக்கும் கிருமியை வளர்த்து, இன்ன கிருமி என்று பெயர் சொல்ல வேண்டும். வெளியில் கேட்டால் "ரத்த டெஸ்ட்" என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்வான். தங்கை ருக்குவிடம் மட்டும் அது செல்லாது. "கையை நல்லா தேய்ச்சுக் கழுவுண்ணே, பசங்க சாப்பிடுற இடம்" என்று எல்லார் எதிரிலும் அவன் மானத்தை வாங்குவாள்.

அந்த ருக்குதான் இப்போது கப்பலேறப் போகிறாள். அவள் புருஷன் திருநாவுக்கரசு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முன்னாள் ராணுவத்தார் குடும்பங்களைக் கேம்பல் பேயில் குடியேற்றிக்கொண்டிருந்த காலம் அது. தெற்கே கடைக்கோடித் தீவு, சுற்றிலும் காடு, ஒரு சின்ன டிஸ்பென்சரி. காலையில் ஜெட்டிக்குப் போய் அவளையும் இரண்டு பிள்ளைகளையும் வழியனுப்பிவிட்டுத்தான் லேபுக்கு வந்திருந்தான். கப்பல் சாயங்காலம் கிளம்பும். "ஊருக்குப் போய் லெட்டர் போடு" என்றுகூடச் சொல்லத் தெரியாமல் பெரியவன் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டான், கல்லுளிமங்கன்.

மேஜையில் ரோசலின் என்கிற பெண்ணின் சாம்பிள் வளர்ந்திருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், விதவை. குடியேறப் போகிறவர்களுக்குக் கப்பலிலும் கேம்பிலும் சாப்பாடு போடுகிற காண்ட்ராக்டர் அவளைச் சமையலுக்கு எடுத்திருந்தார். டெஸ்ட் பார்க்காமல் யாரையும் அடுப்படியில் விடக்கூடாது என்பது விதி. சாம்பிள் கொடுக்க வந்தபோது குழந்தைவேலு வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

"காய்ச்சல்?"

"இப்ப ஒண்ணுமில்ல தம்பி, கல்லு மாதிரி இருக்கேன். முந்தி ஒருக்கா மாசக்கணக்கா படுத்துக் கெடந்தேன். மாதா புண்ணியத்துல எந்திரிச்சிட்டேன்" என்று சிரித்தாள்.

அந்தப் பதில் அவன் மனசில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. வயிற்றில் சாதுவாகக் குடியிருக்கிற கிருமிகள், லேபில் கிருமி வளர்க்கிற சிவப்புத் தட்டில் ரோஜா நிறமாக முளைக்கும். ரோசலினுடைய தட்டில் ரோஜாப் புள்ளிகளுக்கு நடுவே வெளிறிய புள்ளிகளும் இருந்தன. முந்தின நாளே அவற்றை எடுத்து வேறு குழாயில் விதைத்திருந்தான். இன்று அதில் மேலே சிவப்பு, அடியில் மஞ்சள், நடுவே மெல்லிய மீசை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. டைபாய்டு கிருமியின் சாடை அச்சு அசலாக இருந்தது. ஆனால் கண்ணாடி வில்லையில், டைபாய்டு கிருமியைத் திரள வைக்கிற சீரத்தோடு கலந்து ஆட்டியபோது அது திரளவில்லை. பால் மாதிரி கலங்கியபடியே நின்றது.

திரளவில்லை என்றால் டைபாய்டு இல்லை என்று அவசரக்காரன் எழுதிவிடுவான். குழந்தைவேலு அவசரக்காரன் இல்லை. டைபாய்டு கிருமி சில சமயம் மேலே ஒரு உறை போர்த்திக்கொண்டிருக்கும். உறைக்கு மேலே ஊற்றினால் சீரம் உள்ளே போகாது. கொதிக்க வைத்து உறையைக் கழற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். கொதிக்க வைக்க முளைத்தது போதவில்லை. இன்னொரு குழாயில் விதைத்து, மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தான்.

மத்தியானம் போன் அடித்தது. காண்ட்ராக்டர் ஆபீஸ். இந்த ஊரில் போனை எடுத்தால் வங்காளியோ, தெலுங்கரோ, மலையாளியோ, யாரானாலும் இந்திதான். வாய்க்கு வந்த அரைகுறை இந்தி.

"ரோசலின் கா ரிப்போர்ட்?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"கல்" என்றான் குழந்தைவேலு, நாளைக்கு என்கிற அர்த்தத்தில்.

"கல்?"

"ஹாங், கல்."

"டீக் ஹை" என்று சரி சொல்லி அந்தக் குரல் போனை வைத்துவிட்டது.

ரிப்போர்ட் வராமல் அவளை ஏற்றமாட்டார்கள், அடுத்த கப்பலில் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவன் நிம்மதியாகக் கண்ணாடிக் குழாய்களைக் கழுவப் போனான்.

மறுநாள் காலை கொதிக்க வைத்தான். ஆறவிட்டு, ஒரு சொட்டு எடுத்து, சீரத்தில் கலந்து, வில்லையைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினான். ரெண்டு ஆட்டுதான். எலுமிச்சை பிழிந்த பாலாகச் சட்டென்று திரிந்துபோனது. சந்தேகத்துக்கே இடமில்லை. காய்ச்சல் விட்டும் கிருமி அவளை விடவில்லை. பாவம், அவளுக்கே தெரியாமல் உள்ளே வைத்துச் சுமந்துகொண்டிருக்கிறாள். நல்லவேளை, தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டபடி போனைச் சுற்றினான்.

"ரோசலின் கோ மத் பேஜோ" என்றான். அவளை அனுப்பாதீர்கள்.

"வோ தோ சலா கயா" என்றது நேற்றைய அதே குரல். அவள் போய்விட்டாளே.

"ஐயய்யோ! யாருய்யா அவளைக் கப்பல்ல ஏத்தினது?"

அந்தப் பக்கத்துக் குரல் தமிழுக்கு மாறியது. "சார், நீங்க தமிழா? நான் இராமகிருஷ்ணன் சார், தஞ்சாவூர்ப் பக்கம். நீங்கதானே கல்னு சொன்னீங்க? ரிப்போர்ட் அதுக்கு முந்தின நாளே குடுத்தாச்சு போலன்னு நெனச்சேன். கெட்டதா இருந்தா அப்பவே சொல்லியிருப்பீங்கன்னுதான்…"

பாழாய்ப்போன கல்! இந்திக்காரனுக்கு நேற்றும் கல், நாளையும் கல். பின்னால் வருகிற வினைச்சொல்தான் எது என்று சொல்லும். அந்த வினைச்சொல்லைப் போட அவனுக்கு வாய் வலித்தது. இரண்டு தமிழர்கள், ஒரே ஊரில், 'நாளைக்கு' என்ற சொல்லை மென்று முழுங்கிவிட்டு, ஒரு கப்பல் நிறைய ஜனங்களுக்கு இப்படிச் செய்துவைத்திருக்கிறார்கள். யாரை நோவது?

"கப்பலுக்கு ஒயர்லெஸ் அடிங்க. அவளை அடுப்படிப் பக்கமே விடக்கூடாது. உடனே!" என்று கத்தினான். லேபில் அவன் கத்தி யாரும் கேட்டதில்லை.

அவன் போனை விட்டு நகரவில்லை. கடைசியில் மணி அடித்தது.

"பதில் வந்துருச்சு சார்!" இராமகிருஷ்ணன் குரலில் அப்படி ஒரு உற்சாகம். "அந்தம்மாவை அடுப்படியிலேருந்து எடுத்தாச்சாம். நேத்து ராத்திரியும் இன்னிக்குக் காலையிலயும் மட்டும்தான் சமைச்சிருக்காங்க. யாருக்கும் ஒண்ணுமில்ல, எல்லாரும் ஜம்முனு இருக்காங்களாம். கப்பல் ஆட்டத்துல வாந்தியெடுத்துக் கெடந்த பசங்களுக்குத் தயிர்சாதம் பிசைஞ்சு, கையில உருட்டி உருட்டிக் குடுத்தாங்களாம். அவங்கள எடுத்ததுக்குப் பசங்க அழுவுதுகளாம் சார்!"

குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டான். இன்றைக்கே எப்படித் தெரியும்? இந்தக் கிருமி அப்படிப்பட்டதில்லை. உள்ளே போய்ப் பேசாமல் உட்கார்ந்திருக்கும். எல்லாரும் சிரித்துக்கொண்டே கரையிறங்குவார்கள். காடு வெட்டுவார்கள், கொட்டகை போடுவார்கள். அதற்கப்புறம்தான் ஒரு சாயங்காலம் யாருக்கோ தலை வலிக்கும், உடம்பு சுடும். அந்த டிஸ்பென்சரியில் இதற்கான மாத்திரை இருக்கிறதோ இல்லையோ.

"அந்தக் கப்பல்ல என் தங்கச்சி இருக்கா. அவ பசங்க ரெண்டும் இருக்கு. மருந்து அனுப்பியாகணும்" என்றான். பிறகு ஒவ்வொரு சொல்லாக, தமிழில், நிறுத்தி நிறுத்திக் கேட்டான். "கேம்பல் பேக்கு அடுத்த கப்பல் என்னிக்குக் கெளம்பும்?"

"அடுத்த கப்பலா?" என்றார் இராமகிருஷ்ணன். "மழை பிடிச்சிருச்சே சார். கடல் கெடக்குற கெடப்புல, இனிமே என்னிக்குன்னு கேப்டனுக்கே தெரியாது."